நீலவேணி யாருடைய குதிரை?

சிங்கவரம் மலைப்படி ஏறுகிற இடத்தில், காலை ஏழு மணிக்குள் போனால் எங்களைப் பார்க்கலாம். பணி ஓய்வு பெற்ற நாலைந்து பேர். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, பத்திரங்களோடு 34 வருஷம் மாரடித்தவன். மற்றவர்களில் ஒருவர் போஸ்ட் ஆபீஸ், ஒருவர் கூட்டுறவுச் சங்கம், ஒருவர் தமிழாசிரியர். தமிழாசிரியரை நாங்கள் எல்லோரும் 'புலவரே' என்றுதான் கூப்பிடுவோம். முட்டி வலி வந்த பிறகு 125 படியும் தினம் ஏறுவதில்லை. சனிக்கிழமை மட்டும் ஏறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வருவோம். மற்ற நாளெல்லாம் கீழே இருந்தே ஒரு கும்பிடு, அப்புறம் டீ, அப்புறம் பேச்சு.

புலவருக்கு ஒரு பழக்கம். மாதம் ஒரு முறை, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் தயாரித்து, நாலு ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். பரிசு கிடையாது. முதலில் முடித்தவருக்கு மற்றவர்கள் டீ வாங்கித் தர வேண்டும். போன மாதம் தந்த புதிரின் தலைப்பு 'குதிரை'. விடைகள் எல்லாமே குதிரையைச் சுற்றியவை என்றார். நான் செஞ்சிக்காரன். தேசிங்கு ராஜன் கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவன். "இதை அரை மணியில் முடித்துவிடுவேன்" என்று வாய் விட்டேன். முடிக்க மூன்று நாள் ஆயிற்று. முடித்தபோது, ஐம்பது வருஷமாக நான் ஊருக்கெல்லாம் சொல்லி வந்த ஒரு விஷயம் தப்பு என்று தெரிந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

குறுக்கெழுத்து என்றால் எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் பிடிக்காது. அதற்குக் காரணம் அப்பா. அந்தக் காலத்தில் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் பொழுதுபோக்கு மட்டும் இல்லை, பணம். அமெரிக்காவில் ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21ஆம் தேதி நியூயார்க் நாளிதழ் ஒன்றில் முதல் புதிரை வெளியிட்டார். இருபது வருஷத்துக்குள் அது தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 1930களில் வாசனின் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டியால் ஊரெல்லாம் பேசப்பட்டது. பிறகு பெங்களூரிலிருந்து ஆர்.எம்.டி.சி. என்ற பெயரில் பெரிய பெரிய பரிசுப் போட்டிகள் நடந்தன. ஒரு கட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு மூன்று சொல் இருக்கும். எதைப் போட்டி நடத்துகிறவர் நினைத்து வைத்திருக்கிறார் என்று ஊகிக்க வேண்டும். ஆகவே ஒரே ஆள் பத்துக் கூப்பன், இருபது கூப்பன் அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் உண்டு. அப்பா அனுப்பிய மணியார்டர் ரசீதுகளை அம்மா ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள், சண்டை வரும்போது காட்டுவதற்கு.

1955ல் மத்திய அரசு பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டு வந்தது. மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது, இரண்டாயிரம் விண்ணப்பத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அறிவுத் திறமைக்கு வேலை உள்ள போட்டி வேறு, அதிர்ஷ்டத்தை நம்பி நடக்கும் சூதாட்டம் வேறு என்று 1957ல் தீர்ப்பு வந்தது. அதோடு அப்பாவின் மணியார்டரும் நின்றது. ஆனால் அவர் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது: "ரெண்டு சொல்லு பொருந்தினா அவசரப்படாதேடா. குறுக்கே வர்ற சொல்லைக் கேளு." அதை நான் மறந்துதான் கெட்டேன்.

புலவரின் புதிருக்கு வருகிறேன். முதல் குறிப்பு, இடமிருந்து வலம், 2 எழுத்து: 'முதலெழுத்தை மாற்றினால் காட்டில் ஊளையிடும்.' இது சுலபம். பரி. முதலெழுத்தை மாற்றினால் நரி. மாணிக்கவாசகர் கதை தெரிந்த எவருக்கும் இது நொடியில் வந்துவிடும். பாண்டியனுக்கு அமைச்சராக இருந்தவர், குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார். ராஜா கேட்டபோது சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டு வந்தார். ராத்திரியில் அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின.

அடுத்தது மேலிருந்து கீழ், 4 எழுத்து: 'நாலு கால் இருந்தும் அரபுக் குதிரை இதில் ஏறித்தான் வந்தது.' கப்பல். இந்தக் குறிப்பைப் படித்துச் சிரித்தோம். ஆனால் விஷயம் சிரிப்பு இல்லை. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் நல்ல போர்க்குதிரை பெருகவில்லை. சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் வழியே குதிரை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதி வைத்தார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லையாம். வெந்த சோறும் இறைச்சியும் போட்டார்களாம். விஜயநகர ராயர் வருஷத்துக்கு 13,000 குதிரை வாங்கினார் என்று எழுதியவர் நூனிஸ் என்ற போர்ச்சுகீசியர். அவரே குதிரை வியாபாரி. அந்த விஜயநகரத்துக்கு அடங்கி இருந்தவர்கள்தாம் நம் செஞ்சி நாயக்கர்கள். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் ஏன் அவ்வளவு கோபப்பட்டான் என்பது இதை எல்லாம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. குதிரைப் பணம் என்றால் கஜானாவில் பெரிய பங்கு.

'கல்யாண மகாலுக்கு எதிரே வளைவு வளைவாக நிற்பது, 3 எழுத்து.' லாயம். கோட்டைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் கண்ணாமூச்சி ஆடியவர்கள்தாம். 'இதைக் காட்டினால் வாய் திறக்கும், கடிவாளம் காட்டினால் மூடும், 3 எழுத்து.' கொள்ளு. நம் பக்கத்து மானாவாரிப் பயிர். பழமொழி தெரிந்தால் போதும்.

'திருக்கோவலூரில் ராஜாவுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர், 2 எழுத்து.' இதில் கொஞ்சம் திணறினேன். போஸ்ட் ஆபீஸ்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். காரி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி. அவன் ஏறிய குதிரையின் பெயரும் காரி. அவனோடு போரிட்டு மாண்ட கொல்லிமலை ஓரிக்கும் அப்படியே, குதிரையின் பெயர் ஓரி. சிறுபாணாற்றுப்படை இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. ராஜா செத்தாலும் குதிரையின் பெயர் 2,000 வருஷம் நின்றுவிட்டது பாருங்கள் என்றார் புலவர். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

'குதிரைப்படை வீரர், முருகனுக்கும் இந்தப் பெயர் உண்டு, 5 எழுத்து.' ராவுத்தர். குதிரை வியாபாரமும் குதிரைச் சவாரியும் தெரிந்த தமிழ் முஸ்லிம்களுக்கு வந்த பெயர். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன் என்று பாடியிருக்கிறார். ராஜபுத்திரன் என்ற வடசொல்தான் ராவுத் என்று தேய்ந்து இப்படி ஆயிற்று என்று அறிஞர்கள் விளக்கம் சொல்வார்கள். அதாவது ராஜபுத்திரனும் ராவுத்தரும் சொல்லில் ஒரே வேர். இதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். 7, இடமிருந்து வலம், 4 எழுத்து: 'தேசிங்கு ராஜனின் குதிரை.' நான் பேனாவை எடுத்து, யோசிக்காமல், நீலவேணி என்று எழுதினேன். நீ-ல-வே-ணி. நாலு எழுத்து. கச்சிதம். மூன்றாவது எழுத்திலிருந்து கீழே இறங்குகிற சொல் 3 எழுத்து: 'குதிரை போகும் இடத்துக்கெல்லாம் கூடப் போகும்.' வே என்று தொடங்க வேண்டும். வேட்டை. அதுவும் பொருந்திவிட்டது. எனக்குத் திருப்தி. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. முதலெழுத்திலிருந்து கீழே இறங்கும் 4 எழுத்து: 'சேர மன்னன் ஏறியது.' நீ என்று தொடங்கி, சேரன் குதிரைக்கு ஒரு பெயர்.

இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். நிகண்டைப் புரட்டினேன். சோழன் குதிரை கோரம். பாண்டியன் குதிரை கனவட்டம். குறுநில மன்னர் குதிரை கந்துகம். சேரன் குதிரை பாடலம். பா-ட-ல-ம், நாலு எழுத்து சரி. ஆனால் என் கட்டத்தில் நீ இருக்கிறதே! புலவர் தப்பாகக் கட்டம் போட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். லீவுக்கு வந்திருந்த பேத்தி, எட்டாம் வகுப்பு படிக்கிறாள், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, பாடலம் புத்தகத்துல இருக்கு. நீலவேணி உங்க மனசுலதானே இருக்கு? எதை அழிக்கணும்?"

எனக்குச் சுருக்கென்றது. பத்திர ஆபீசில் 34 வருஷம் இதே கேள்வியை நான் மற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். "வாய்ப்பேச்சு வேண்டாம், மூலப் பத்திரம் இருக்கிறதா?" என்று. பரண் மேல் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை இருந்தது. திருவிழாக் கடையில் விற்பார்களே, அந்த மாதிரிப் புத்தகம். அட்டை போய்விட்டது. உள்ளே பக்கங்கள் அப்பளம் மாதிரி உடைகின்றன. மெதுவாகப் புரட்டினேன். தேசிங்கு ராஜன் ஏறுவது பாராசாரி. நீலவேணி மேல் வருவது அவன் சிநேகிதன் மோவுத்துக்காரன்.

பா-ரா-சா-ரி. அதுவும் நாலு எழுத்து. முதலெழுத்து பா, பாடலம் வந்துவிட்டது. மூன்றாவது எழுத்து சா. கீழே வேட்டை இல்லை, சாட்டை. ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அப்பா சொன்ன பாடம்தான். பொருந்துகிற சொல்லெல்லாம் சரியான சொல் ஆகாது.

இனி வரலாற்றைச் சொல்கிறேன். கதைக்குள்ளே வரலாறு எவ்வளவு, வரலாற்றுக்கு வெளியே கதை எவ்வளவு என்று நம் ஊர்க்காரர்கள் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது.

செஞ்சிக் கோட்டையை 1677ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். எட்டு வருஷம் கோட்டை விழவில்லை. 1698ல்தான் முகலாயர் கைக்கு வந்தது. பிறகு பந்தேல்கண்டிலிருந்து வந்த சொரூப் சிங் என்ற ராஜபுத்திரருக்கு, 1700 வாக்கில், கோட்டைத் தலைமை கிடைத்தது. அவருடைய மகன்தான் தேஜ் சிங். தமிழ் நாக்கில் அது தேசிங்கு ஆயிற்று. சொரூப் சிங் ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தைப் பல வருஷம் கட்டவில்லை. 1714ல் அவர் இறந்தார். பையன் வடக்கேயிருந்து வந்து பொறுப்பு எடுத்துக்கொண்டான். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பழைய பாக்கியைக் கேட்டார். பாதுஷா கொடுத்த உரிமை எங்களுக்கு இருக்கிறது, நவாபுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்பது தேசிங்கின் வாதம். ஆனால் உரிமை கொடுத்த ஔரங்கசீப் 1707லேயே போய்விட்டார். டில்லியில் அப்போது பரூக்சியார். ஆபீஸ் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். உத்தரவு போட்ட அதிகாரி மாற்றலாகிப் போனால், பழைய ஆர்டர் காகிதம் எவ்வளவு தூரம் செல்லும்? அந்த 22 வயதுப் பையனுக்கு அது தெரியவில்லை. தெரிந்தும் பணிய மனசில்லையோ என்னவோ.

1714 அக்டோபர் 3ஆம் தேதி சண்டை. வராக நதியில், நாம் சங்கராபரணி என்கிறோமே அதில், வெள்ளம். நவாபின் படை தேவனூர், கடலி பக்கம் இறங்கியிருந்தது. தேசிங்கிடம் 350 குதிரையும் 500 வீரர்களும். எதிரே 8,000 குதிரையும் 10,000 சிப்பாய்களும் என்று கணக்குச் சொல்வார்கள். வெள்ளம் வடியக் காத்திருக்காமல் குதிரையை ஆற்றில் இறக்கினான். ஒரே நாளில் எல்லாம் முடிந்தது. அவன் செத்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். கோட்டைக்குள் செட்டிக்குளத்துக் கரையில் உள்ள மேடைதான் அவனை எரித்த இடம் என்று காட்டுவார்கள். நவாபே மனசு இளகி, அந்த ராணியின் நினைவாகப் பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்பது வழக்கு.

எட்டு வருஷம் விழாத கோட்டைக்கு ஒரு வருஷம்கூட ராஜாவாக இருக்காத பையன் இவன். சிவாஜி வந்து போன ஊர், நாயக்கர்கள் கட்டிய ஊர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் நம் கோட்டை சேர்ந்ததும் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகளில் ஒன்று என்ற கணக்கில்தான். ஆனாலும் செஞ்சி என்றால் சனங்களுக்குத் தேசிங்குதான். காரணம் அந்தக் கதைப்பாடல். பாடலில் முதல் பாதி முழுக்கக் குதிரைக் கதை. டில்லி பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருக்கிறது. யாராலும் அடக்க முடியவில்லை. தேசிங்கின் தகப்பன் டில்லிக்கு அழைக்கப்பட்டு, அடக்க முடியாமல் சிறையில் கிடக்கிறான். மகன் சின்னப் பையனாகப் போய் அந்தப் பாராசாரியை அடக்குகிறான். தகப்பனை மீட்கிறான். குதிரையும் பெண்ணும் பரிசாகக் கிடைக்கின்றன. இதற்கு எந்த ஆவணமும் சாட்சி சொல்லாது. ஆனால் குதிரைக்காகக் கடல் தாண்டிப் பணம் அனுப்பி, வந்த குதிரையைப் பிழைக்க வைக்கத் தெரியாமல் தவித்த ஒரு நாட்டில், 'நம் பையன் அந்தக் குதிரையை அடக்கினான்' என்பதைவிடப் பெரிய பெருமை எது?

பாராசாரி என்ற பெயரைப் பற்றி எனக்கு ஒரு ஊகம் உண்டு. இந்துஸ்தானியில் பாரா என்றால் பன்னிரண்டு, ஹசார் என்றால் ஆயிரம். பன்னிரண்டாயிரம் பெறுமானமுள்ள குதிரையை 'பாரா ஹசாரி' என்று சொல்லி, அது நம் பாட்டுக்காரர் வாயில் பாராசாரி ஆகியிருக்கலாம். தேஜ் சிங் தேசிங்கு ஆகவில்லையா?

இப்போது சிநேகிதன் விஷயம். மோவுத்துக்காரன் என்று பாட்டில் வருகிறவன், வரலாற்றுப் புத்தகங்களில் மகபத்கான். வழுதாவூர்க்காரன். பாட்டின்படி, சண்டைச் சேதி வரும்போது அவனுக்கு வழுதாவூரில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. சிநேகிதனின் ஓலை வருகிறது. கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து, நீலவேணியில் ஏறி வருகிறான். வந்து, சண்டையில் விழுகிறான். அவனுக்கு அந்தப் பாக்கிப் பணத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. நவாபும் முஸ்லிம், அவனும் முஸ்லிம். விலகி நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ராஜபுத்திரன் ஒருவன், ராவுத்தர் ஒருவன். சொல்லில் ஒரே வேர் என்றேனே, சாவிலும் இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள்.

நம் சிங்கவரத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயில் நம்முடையது. 24 அடி நீளப் பெருமாள், மலைப்பாறையிலேயே செதுக்கியவர். தேசிங்குக்கு அவர்தான் குலதெய்வம். சண்டைக்குப் புறப்படுமுன் அவன் வந்து உத்தரவு கேட்டதாகவும், பெருமாள் 'போகாதே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் சொல்வார்கள். திரும்பின முகத்தை இன்றைக்கும் பட்டர் தீபம் காட்டிக் காட்டுவார். பல்லவர் செதுக்கிய முகம் தேசிங்குக்கு ஆயிரம் வருஷம் முந்தியது என்று என் மூளைக்குத் தெரியும். தீபம் காட்டும்போது மட்டும் அந்தக் கணக்கு மறந்துபோகும்.

இந்தக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! ஆபீசுக்கு வெளியூரிலிருந்து வந்த அதிகாரிகள், சம்பந்தி வீட்டார், பிள்ளைகளின் சிநேகிதர்கள், எல்லோரையும் கோட்டைக்குக் கூட்டிப்போய், லாயத்தின் முன்னால் நிறுத்தி, "தேசிங்கு ராஜனின் நீலவேணி இங்கேதான் நின்றது" என்று கைகாட்டியிருக்கிறேன். 1960ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த 'ராஜா தேசிங்கு' வந்தபோது டூரிங் டாக்கீசில் மண்ணில் உட்கார்ந்து பார்த்த சின்னப் பையன் நான். அன்றைக்கே குதிரைக்கு அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டேனா, பாட்டி சொன்னதை மாற்றி வாங்கிக்கொண்டேனா, இப்போது நினைவில்லை. பெயர் அழகாக இருந்தது. அழகான பெயர் ராஜாவின் குதிரைக்குத்தானே இருக்க வேண்டும் என்று என் மனசே முடிவு செய்திருக்கும்.

இது சின்னத் தப்பு, ஒரு குதிரைப் பெயர்தானே என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். அந்தச் சண்டையில் ராஜாவுக்கு என்ன மிஞ்சியது? பாட்டு, சினிமா, கோட்டை, ஒரு ஊரின் பெயரே அவன் மனைவியின் நினைவில். மகபத்கானுக்கு என்ன மிஞ்சியது? தாலி கட்ட உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்தான் என்ற நினைவு ஒன்று. அவன் ஏறி வந்த குதிரையின் பெயர் ஒன்று. காரிக்கும் ஓரிக்கும் குதிரைப் பெயர் எப்படி நின்றதோ அப்படி. அந்தக் குதிரையையும் கிரயப் பத்திரம் இல்லாமல், சாட்சிக் கையெழுத்து இல்லாமல், ராஜாவின் பெயருக்கு மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன் நான். ஐம்பது வருஷமாக. பதிவு ஆபீசில் ஒருவர் நிலத்தை இப்படி மற்றவர் பெயருக்கு எழுதியிருந்தால் என்னை வேலையை விட்டே எடுத்திருப்பார்கள். இரண்டு பேரும் கேட்க வர மாட்டார்கள் என்பதால் தப்பித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் கட்டத்தை அடித்துத் திருத்தி எடுத்துக்கொண்டு போனேன். டீ எனக்குத்தான் என்று தெரிந்தது, மற்றவர்களும் நீலவேணியில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். புலவரிடம் கேட்டேன்: "புலவரே, ரெண்டு பேரும் நாலு எழுத்து. சாட்டையும் வேட்டையும் ஒரே வாலு. தெரிஞ்சுதானே வெச்சீங்க?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "தெரிஞ்சுதான் சார். பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் பசங்ககிட்ட கேட்பேன். நீலவேணின்னு கை தூக்குவானுங்க. யாருடைய குதிரைன்னா ராஜாவோடதும்பானுங்க. அவங்க அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதனாலதான் சேரனைக் கொண்டுவந்து காவலுக்கு நிறுத்தினேன்."

"நீலவேணிக்கும் எங்கேயாவது ஒரு கட்டம் கொடுத்திருக்கலாமே" என்றேன்.

"அடுத்த மாசப் புதிர்ல வரும். தலைப்பு 'நட்பு'" என்றார்.

கடலிக்குப் பக்கத்தில் நீலாம்பூண்டி என்று ஒரு ஊர் இருக்கிறது. மகபத்கானின் சமாதி அங்கே இருக்கிறது என்றும், குதிரையையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள் என்றும் அந்தப் பக்கத்துச் சனங்கள் சொல்வார்கள். கோட்டைக்கு நூறு தடவை ஆட்களைக் கூட்டிப்போன நான் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. பேத்தியின் லீவு முடிவதற்குள் ஆட்டோ பிடித்துப் போய்வரலாம் என்றிருக்கிறேன். போஸ்ட் ஆபீஸ்காரரும் வருகிறேன் என்றார். பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்: "தாத்தா, அவருக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு என்ன ஆச்சு?"

அந்தப் பெண்ணின் பெயருக்குக் கட்டம் போட்டு வைத்தவர் யாரும் இல்லை. ஆற்காட்டு நவாப் ராணிக்கு ஒரு பேட்டை கொடுத்தார். வழுதாவூர்ப் பந்தலில் மாலையோடு உட்கார்ந்திருந்தவளுக்கு அதுகூட இல்லை. பேத்தியிடம் அதைத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் அடித்த நீலவேணியின் மேல் இருந்த கோட்டை ரப்பரால் அழிக்கப் பார்த்தாள். பேனா மை, போகவில்லை. பக்கத்தில் காலி இடத்தில் பென்சிலால் எழுதி வைத்தாள்: 'நீலவேணி, மகபத்கானின் குதிரை.'

இனிமேல் லாயத்தின் முன்னால் நின்று கைகாட்டும்போது நானும் அப்படியே சொல்லுவேன்.